சாவி போட்டால் சூடு

நவம்பர் மாத முதல் வெள்ளியன்று என் மனைவி நீவெஸின் விரல்களிலிருந்து நற்கருணை அப்பம் நழுவித் தரையில் விழுந்தது. பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நீவெஸ். இன்னொருத்தி, சக்கர நாற்காலியில் கைகூப்பிக் காத்திருந்த தடேயா. இருவரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் விஷயம் தடேயாவின் சமையலறையைத் தாண்டியிருக்காது. ஆனால் நீவெஸ் அன்று மாலையே பங்குத்தந்தையிடம் போய்த் தானாகவே சொல்லிவிட்டாள். அவள் சுபாவம் அப்படி.

குற்றம் அவள் விரல்களுடையது. வாழ்நாளில் பாதியை நாற்காலித் தொழிற்சாலையில் மரம் தேய்க்கும் இயந்திரத்தைப் பிடித்தபடி கழித்தவள் அவள். அந்த அதிர்வு நரம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. குளிர்காற்று பட்டால் போதும், விரல்கள் மெழுகுபோல வெளுத்து மரத்துவிடும். கையில் கோப்பை இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் வீட்டுக்கே நற்கருணை, எங்கள் பேச்சில் நன்மை, கொண்டுபோவது எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கம். பங்குத்தந்தை சில்வெஸ்டர் சாமிக்கு நான்கு ஊர்ப் பங்குகள், ஒரே உடம்பு. அதனால் மேலே லாஸ் என்ற சிற்றூருக்கு மட்டும் பிஷப்பின் அனுமதியோடு நீவெஸ் போய்வருகிறாள். அங்கே படுக்கையும் நாற்காலியுமாகக் கிடப்பவர்கள் நான்கு வீடுகளில் இருக்கிறார்கள். போவது அவளுடைய பழைய பைக்கில். முந்தின வருடத்து வெள்ளம் ஓடைப் பாலத்தைக் கொண்டுபோனதிலிருந்து அங்கே பலகை போட்ட நடைபாலம்தான் இருக்கிறது. கார் போகாது, பைக் போகும். கார் என்றால் கணவாய் வழியாக மலையையே சுற்ற வேண்டும். குளிர்காலத்தில் அந்தச் சாலையில் பனிக்கட்டி படிந்தால் பாதி நாள் அடைத்துவிடுவார்கள்.

நற்கருணை விழுந்த செய்தி பங்குப் பேரவைக்கு வந்தது. பேரவைத் தலைவர் எவ்கென். கோயில் சாவிகளும் அவரிடம்தான். கெட்ட மனிதர் அல்ல. பீடத் துணியில் ஒரு மெழுகுச் சொட்டு இருந்தால் அன்று இரவு தூங்கமாட்டார், அவ்வளவுதான். நீவெஸும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் பங்கு மண்டபத்தில் உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"குளிர் போற வரைக்கும் நிறுத்திடலாம். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ரோடு தொறந்திருந்தா சாமி கார்ல சுத்திப் போவாரு. மாசாமாசம் மேல போயி ஆண்டவரைத் தரையில போடணுமா?"

"தரையில விழுந்துச்சுன்னு நான் சொல்லித்தானே எவ்கென் உனக்குத் தெரியும்?" என்றாள் நீவெஸ்.

"சொன்னது நல்லதுதான். சொல்லிட்டா விழாததா ஆயிடுமா?"

சில்வெஸ்டர் சாமி இளையவர், சண்டைக்குப் பயந்தவர். காப்பிக் கோப்பையின் காதைத் தடவிக்கொண்டே, "உங்க கை சரியாகுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கலாமேம்மா," என்றார்.

"கை சரியானா போகலாமா சாமி?"

"சரியானா போகலாம்."

"அப்ப சரி." அவள் எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டாள். "டிசம்பர் முதல் வெள்ளிக்குள்ள சரியாயிடும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார் எவ்கென்.

"ஜென்மத்துக்கும் சரியாகாதுன்னாரு. நான் அவரை நம்பி இல்ல."

வீட்டுக்கு நடந்து வரும்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். வயர் வாங்கப்போகிறேன் என்றாள்.

யோசனை தடேயாவுடையது. நோய் வந்து கால்களை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அவள் இந்த மலைகளையெல்லாம் பைக்கில் சுற்றியவள். கடலுக்குப் போய் மீன் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்புவாள். அவளிடம் குளிர்காலக் கையுறை ஒரு ஜோடி சும்மா கிடந்தது. உள்ளே மெல்லிய கம்பி ஓடும், பைக்கிலிருந்து கரண்ட் எடுத்து விரல்களைச் சூடாக்கும். நற்கருணை விழுந்த மறுநாளே அதைப் பெட்டியில் போட்டு, பால் எடுக்க வருபவரிடம் கீழே கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில், 'உங்க பைக்ல சாக்கெட் இல்ல. வெச்சுக்கோங்க அக்கா' என்று எழுதியிருந்தது.

அடுத்த வாரம் எங்கள் கொட்டகையில் வேலை நடந்தது. செய்தவள் நீவெஸ், டார்ச் பிடித்தவன் நான். நான் ரொட்டி சுட்டுப் பிழைத்தவன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதைத் தொடக்கூடாது என்பது மட்டும்தான்.

சீட்டைக் கழற்றினாள். பேட்டரியின் பிளஸ்ஸில் சிவப்பு வயர், மைனஸில் கறுப்பு. சிவப்பு வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். எங்கேயாவது தோல் உரிந்து இரும்பில் பட்டால் வயர் எரிவதற்கு முன்னால் ஃபியூஸ் போய்விடும் என்று எனக்கு விளக்கினாள். எஞ்சின் சூடு படாதபடி இரண்டு வயர்களையும் பெட்ரோல் டாங்குக்கு அடியில் விட்டு, அங்கங்கே பட்டையால் கட்டி, ஹேண்டில்பாருக்குக் கொண்டுவந்தாள். ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி, வயர் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டாள். கடைசியில் கண்ணாடிக் கம்பிக்குக் கீழே மூடி போட்ட கறுப்பு சாக்கெட் வந்து உட்கார்ந்தது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் எவ்கென் நின்றார்.

"என்ன நீவெஸ், பைக்ல ரொட்டி டோஸ்டர் மாட்டுறியா?"

"ஆமா. மொதல்ல உன் மனசைத்தான் வாட்டி எடுக்கணும். உறைஞ்சு கெடக்கு."

"ஸ்டோயான், உன் பொண்டாட்டிக்கு யாரும் பதில் சொல்ல முடியாது."

"முப்பத்தஞ்சு வருஷமா நானும் முயற்சி பண்ணல," என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சாவியை எடுத்துட்டா இது நின்னுடுமா?"

"நிக்காது. அதுக்காகத்தான் நேரா பேட்டரியில குடுத்தேன். நான் உள்ள போறப்ப கையுறையை ஹேண்டில்லயே செருகிட்டுப் போயிடுவேன். திரும்பி வர்றப்ப சூடா இருக்கும். யார் வீட்டு அடுப்பு முன்னாலயும் கையை நீட்டிக்கிட்டு நிக்க வேணாம்."

"பேட்டரி தாங்குமா?"

"ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம். செபம், நன்மை, ஆசீர். கிளம்பிடுவேன். தாங்கும்."

தாங்கும் என்று நானும் தலையாட்டினேன். இதே பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், முகம் மாறாமல் இப்படிப் பேசிக்கொண்டோம். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் பத்து நிமிடத்தில் வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. தபால்காரர் வந்தாலும் வால்நட் வைத்த சுருள் ரொட்டியில் ஒரு துண்டு சாப்பிடாமல் போக முடியாது. நோயாளி வீட்டுக்கு நன்மை கொண்டுவந்தவளை விடுவார்களா?

டிசம்பர் முதல் வெள்ளியன்று மேட்டு நிலத்திலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கூரைகளில் ஓடு பறக்காமல் இருக்கக் கல் வைத்திருப்போம். அப்படிப்பட்ட காற்று. மரக்கிளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. நீவெஸ் நற்கருணைச் சிமிழைக் கழுத்துப் பையில் வைத்து மேலங்கிக்குள் விட்டுக்கொண்டாள். கையுறையை சாக்கெட்டில் செருகி, விரல்களை உள்ளே நுழைத்துச் சற்று நேரம் நின்றாள்.

"ஸ்டோயான்," என்றாள். "விரல் இருக்குறது தெரியுது."

அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு வயர் விற்ற கடைக்காரரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

மேலே நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். முதல் வீட்டில் மேசைமேல் வெள்ளைத் துணியும் எரியும் மெழுகுவர்த்தியும் தயாராக இருந்தன. செபம் முடிந்ததும் மெழுகுவர்த்தி நகர்ந்து காப்பி வந்தது. காப்பியின் பின்னால் சுருள் ரொட்டி வந்தது. இரண்டாம் வீட்டில் பேரனின் திருமணப் புகைப்படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். வெளியே பைக்கின் ஹேண்டிலில் கையுறைகள் யாருடைய கையும் இல்லாமல் சுகமாகச் சூடேறிக்கொண்டிருந்தன.

மூன்றாவது வீடு கார்லோவினுடையது. எண்பதைத் தாண்டியவர், இடுப்பு உடைந்து நான்கு வருடமாகக் கட்டிலில் இருப்பவர். நாக்கு மட்டும் உடையவில்லை. நன்மை வாங்கி, கண்ணை மூடிச் சிறிது நேரம் அமைதியாகக் கிடந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"மருமக யோட்டா வெச்சிருக்கா. புளிச்ச முட்டைக்கோசு, பீன்ஸ், பன்னித் தொடை எலும்பு. சாப்பிட்டுட்டுப் போ."

"இன்னும் ஒரு வீடு இருக்கு மாமா."

"தடேயா எங்கயும் ஓடிற மாட்டா. சூப்பு ஆறிடும். உக்காரு புள்ள."

"ஆண்டவரைக் கழுத்துல வெச்சுக்கிட்டு எப்படி மாமா சாப்பிடுறது?"

"அவருக்கும் ஒரு தட்டு வெக்கச் சொல்றேன். வேணாம்னு அவரு சொல்லட்டும், விட்டுடுறேன்."

நீவெஸ் சாப்பிட்டாள். அந்த வீட்டில் கார்லோவோடு மேசையில் உட்காரப் பேச்சுத் துணை கிடையாது. மகன் மரம் வெட்டப் போய்விடுவான், மருமகள் மாட்டோடு இருப்பாள். கட்டிலை மேசைப் பக்கம் இழுத்துப்போட்டு, அவர் ஒரு கரண்டி, இவள் ஒரு கரண்டி என்று தட்டு காலியாகும் வரை இருந்தாள்.

வெளியே வந்து செல்ஃபை அழுத்தினாள். 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டாம் முறை அதுவும் இல்லை. விளக்கும் எரியவில்லை. கையுறை மட்டும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மாதிரி கதகதப்பாக இருந்தது.

அந்த பைக்கில் கிக்கர் கிடையாது. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கு இறக்கம் வேண்டும். தடேயாவின் வீடோ மேலே, ஏற்றத்தில். நீவெஸ் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். கையுறையில் இருந்த சூடு முதல் வளைவு வரை வந்தது. அதற்கப்புறம் காற்றுதான்.

தடேயா வீட்டை அடைந்தபோது பத்து விரல்களும் வெளுத்திருந்தன. தடேயா அவற்றைப் பார்த்தாள். நாற்காலியை உருட்டிப் போய், அகலக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "வைங்க அக்கா," என்றாள். விரல்களில் நிறம் திரும்பும் வரை இருவரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு நீவெஸ் கையைத் துடைத்து, சிமிழைத் திறந்தாள். இந்த முறை விழவில்லை.

"பைக் சத்தம் கேக்கலையே," என்று பிறகுதான் கேட்டாள் தடேயா.

நீவெஸ் சொன்னாள். தடேயா கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தோள்கள் குலுங்கின.

"நேரா பேட்டரியிலயா குடுத்தீங்க? கார்லோ மாமா சமையலறையைத் தாண்டி வர்ற வண்டிக்கு?"

"பத்து நிமிஷம்னு கணக்குப் போட்டேன்."

"சாவி போட்டாத்தான் கரண்ட் வரணும் அக்கா. சாவியை எடுத்தா நிக்கணும். நடுவுல ஒரு ரிலே வைங்க. டெயில் லைட்டுக்குப் போற வயர்லேர்ந்து ஒரு சின்ன வயர் எடுத்து ரிலேக்குக் குடுத்தா, சாவி போடுறப்ப அது கதவைத் தொறந்துவிடும். பேட்டரிலேர்ந்து வர்ற பெரிய வயர் அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்."

"அப்ப நான் உள்ள இருக்குறப்ப கையுறை ஆறிடுமே?"

"உள்ள கொண்டாங்க. நாலு வீட்லயும் அடுப்பு எரியுது. அடுப்போரம் வெக்கச் சொல்லுங்க."

நீவெஸ் சிமிழை மூடிக் கழுத்துப் பையில் வைத்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் போய்வர வேண்டும் என்பதுதான் அவள் எண்ணமாக இருந்தது. அதற்காகத்தான் அந்த வயரை அப்படிக் கொடுத்திருந்தாள். தடேயாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

"நான் தினமும் யாரையாவது கூப்பிட்டுத்தான் கட்டிலை விட்டு எறங்குறேன்," என்றாள். "ரெண்டு கையுறையை அடுப்போரம் வைங்கன்னு சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்கா?"

திரும்பும்போது, காட்டிலிருந்து வந்துவிட்ட கார்லோவின் மகனும் பக்கத்து வீட்டார் இருவரும் பைக்கை இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மகன் டிராக்டரில் நடைபாலம் வரை பின்னாலேயே வந்தான். ஓடைக்கு இந்தப் பக்கம் யார் நின்றிருக்க வேண்டும்? எவ்கென்தான் நின்றிருந்தார்.

மாலைக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. ஆண்டவர் டிராக்டர் துணையோடு வீடு திரும்பினாராம்.

ஞாயிற்றுக்கிழமை பேரவை கூடியது. எவ்கென் எழுந்து நின்று பேசினார். கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் எனக்கு பயம்.

"நீவெஸ் மனசை நான் குத்தம் சொல்லல. ஆனா நடந்ததைப் பாருங்க. நற்கருணையைக் கழுத்துல வெச்சுக்கிட்டு ஒரு வீட்ல காப்பி, ஒரு வீட்ல கல்யாண போட்டோ, ஒரு வீட்ல சூப்பு. பேட்டரி செத்துப்போச்சு. அப்புறம் காத்துல நடை. அடுத்த தடவை என்ன நடக்கும்? ஈஸ்டர் வரைக்கும் போக வேணாம். இன்னிக்கே முடிவு பண்ணிடலாம்."

அப்போது சாமியின் கைபேசி ஒலித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்தவர், சற்று நேரம் கேட்டார். "எல்லாருக்கும் கேக்கணுமாம்," என்று சொல்லி அதை மேசை நடுவில் வைத்தார்.

"யாரு, எவ்கென் இருக்கானா?" கார்லோவின் குரல்.

"இருக்கேன், கார்லோ."

"அவளைப் பிடிச்சு வெச்சது நான். சூப்பு குடுத்தது நான். தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடு. நாலு வருஷமா படுத்துக் கெடக்குறேன், இதுக்கு மேல என்ன குடுப்பேன்னு பாக்குறேன்."

சிலர் சிரித்தார்கள். எவ்கென் சிரிக்கவில்லை.

"இது வெளையாட்டு இல்ல கார்லோ. நற்கருணைக்கு ஒரு மரியாதை வேணும்."

"நாலு வருஷமா நான் கோயிலுக்கு வரல எவ்கென். எனக்கு இடுப்பு இல்ல. உனக்கு நாலு வருஷமா ரெண்டு காலு இருக்கு. ஒரு நாளாவது இங்க வந்தியா? அவ வர்றா. வந்து உக்கார்றா. உக்காரக் கூடாதுன்னா எதுக்கு வரணும்? தபால்ல அனுப்பிடலாமே."

கார்லோ போனை வைத்துவிட்டார். எவ்கென் உட்கார்ந்தார். ஆனாலும் ஓட்டுக் கேட்டபோது பெரும்பாலான கைகள் அவர் பக்கமே உயர்ந்தன. குளிர்காலம், வயதான பெண், பழைய பைக், மரத்துப்போகும் விரல். அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயமும் ஒருவகை அன்புதான். அந்த அன்பு இருக்கிற இடத்தை விட்டு எழுந்து போவதில்லை, அவ்வளவுதான்.

நீவெஸ் எழுந்தாள்.

"சாமி, ஜனவரி முதல் வெள்ளி காலையில நான் வருவேன். என் கையைத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா நானே வேணாம்னு சொல்லிடுறேன். சூடா இருந்தும் நீங்க குடுக்கலைன்னா, வெறுங்கையோட மேல போவேன். நாலு வீட்லயும் உக்காருவேன். ஏன் கொண்டு வரலைன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுவேன்."

"மெரட்டுறியா?" என்றார் எவ்கென்.

"இல்ல. முன்னாலயே சொல்லிடுறேன். நவம்பர்ல விழுந்தப்பவும் நானாத்தான் வந்து சொன்னேன்."

சாமி கோப்பையின் காதைத் தடவவில்லை. "பேரவை யோசனை சொல்லிடுச்சு. கேட்டுக்கிட்டேன்," என்றார். "முடிவு என்னோடது. அன்னிக்குக் காலையில தொட்டுப் பாக்குறேன்."

மறுநாள் நான் பக்கத்து நகரத்துக்குப் போய் ரிலே வாங்கி வந்தேன். தீப்பெட்டி அளவு கூட இல்லாத கறுப்புச் சதுரம். கொட்டகையில் தடேயா போனில் பேச, நீவெஸ் கேட்டுக் கேட்டுச் செய்தாள்.

"டெயில் லைட் வயர் என்ன கலர்?"

"பிரவுன்."

"அறுத்துடாதீங்க. தோலை மட்டும் கொஞ்சம் சீவிட்டு ஒட்டுங்க. ஸ்டோயான் அண்ணே, டார்ச்சை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டுறது உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா திட்டுறது கேக்குது."

எல்லாம் முடிந்து சாவியைப் போட்டபோது சீட்டுக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. சாக்கெட்டில் கரண்ட். சாவியை எடுத்ததும் இன்னொரு 'டிக்'. கரண்ட் இல்லை. நீவெஸ் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். போனில் தடேயாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு லாஸின் மற்ற மூன்று வீடுகளுக்கும் நீவெஸ் தானே போன் செய்து, அடுப்போரம் கொஞ்சம் இடம் வேண்டும் என்று சொன்னாள். அதைச் சொல்வதற்கு அவள் பட்ட பாடு, வயரிங் வேலைக்குப் பட்டதைவிட அதிகம். ஒரு வீட்டில், இதைக் கேட்க வேண்டுமா என்று கோபித்துக்கொண்டார்களாம்.

ஜனவரி முதல் வெள்ளியன்று புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நீவெஸ் நேராகக் கோயிலுக்குப் போகவில்லை. பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் இருக்கும் பழைய ஆலை வரை போய், அங்கிருந்து திரும்பி, காற்றுக்கு எதிரே ஓட்டிக்கொண்டு வந்தாள். வேண்டுமென்றேதான். கைகள் சோதனைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றால், குளிரில் ஓட்டிய கைகளாக இருக்க வேண்டும் என்றாள்.

நான் கோயில் பின்னறையில் காத்திருந்தேன். சாமியும் எவ்கெனும் இருந்தார்கள். எவ்கெனின் கையில் நற்கருணைப் பேழையின் சாவி. அந்த அறையில் அடுப்பு இல்லை. மூன்று பேர் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.

நீவெஸ் உள்ளே வந்து கையுறையைக் கழற்றினாள். சாமி அவள் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. அவருக்கும் குளிர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"சூடா இருக்கு, எவ்கென்," என்றார்.

"உள்ள வந்ததுனால இருக்கும்."

"நீயே பாரு," என்று நீவெஸ் அவர் கையைப் பிடித்தாள். எவ்கென் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை. "உன் கைதான் எவ்கென் ஐஸ் மாதிரி இருக்கு. இந்தக் கையோட பேழையைத் தொறக்கலாமா? பேரவையில ஓட்டுக்கு விடலாமா?"

சாமி அவசரமாக அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடினார். எவ்கெனுக்குக் காது சிவந்தது. ஆனால் கையை அவள் கையிலிருந்து எடுக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் நீவெஸின் விரல்களுக்குள் இளகுவதை என்னால் பார்க்க முடிந்தது. அப்புறம் சாவியைச் சாமியிடம் கொடுத்தார்.

சிமிழைப் பைக்குள் வைத்து அவள் கிளம்பும்போது எவ்கென், "கார்லோ வீட்ல சாப்பிடாதே," என்றார்.

"சாப்பிடுவேன்."

"நீவெஸ்."

"கூப்பிட்ட வீட்ல எல்லாம் ஆண்டவரும் உக்காந்து சாப்பிட்டவர்தான் எவ்கென். பாவி வீடு, வரி வசூலிக்கிறவன் வீடுன்னு பாக்காம. அங்க வந்தும் நீ இதைத்தான் சொல்லியிருப்பே."

பைக் ஓடைப் பக்கம் இறங்கி, நடைபாலத்துப் பலகைகளில் தடதடத்து, ஏற்றத்தில் ஏறும் சத்தம் கோயில் முற்றம் வரை கேட்டது. எவ்கெனும் நானும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கார்லோ இன்னும் சீட்டு ஆடுறாரா?" என்று கேட்டார்.

"ஆடுவாரு. ஏமாத்துவாரு."

"நாங்க ஆடின காலத்துலயும் ஏமாத்துவாரு."

எவ்கென் கோயிலைப் பூட்டப் போனார். அவர் மனம் மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். பிப்ரவரிப் பேரவையில் அதே பேச்சை மறுபடி எடுத்தார். வழிமொழிய ஆள் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் ஒருமுறை நடைபாலத்தைத் தாண்டி நடந்தே மேலே போய்வந்ததை ஊர் பார்த்திருந்தது. எதற்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த ஜனவரி வெள்ளியன்று லாஸின் முதல் வீட்டில் கையுறைகளை வாங்கிக்கொண்டவர், அடுப்போரம் நாற்காலியில் இருந்த கிழவரே. அடுப்புத் திண்டின்மேல் தன் காலுறைகளை நகர்த்திவிட்டு இவற்றை வைத்தார். இரண்டாம் வீட்டில் புகைப்படங்கள் மறுபடி வந்தன, முன்பு விட்டுப்போனவை. கார்லோ வீட்டில் யோட்டாவும் இருந்தது, பன்றித் தொடையும் இருந்தது. நீவெஸ் தட்டைக் காலி செய்தாள். வெளியே வந்து செல்ஃபை அழுத்தினாள். முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார்லோ சன்னலுக்குப் பின்னாலிருந்து, "இன்னொரு கரண்டி சாப்பிட்டிருக்கலாம்," என்று கத்தினாராம்.

ஏற்றத்தில் ஏறினாள். தடேயா இந்த முறை சத்தத்தைக் கேட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். மேசையில் துணி, மெழுகுவர்த்தி. இருவரும் செபம் சொன்னார்கள். நீவெஸ் சிமிழைத் திறந்து, நற்கருணையை இரண்டு விரல்களுக்கு நடுவே எடுத்தாள். அப்பத்தின் ஓரம், அதன் மெல்லிய சொரசொரப்பு, எடையே இல்லாத அதன் எடை, எல்லாம் விரல் நுனியில் தெரிந்தது என்றாள் என்னிடம். இத்தனை வருடங்களில் அதைக் கவனித்ததே இல்லை என்றாள்.

"கிறிஸ்துவின் உடல்," என்றாள்.

"ஆமென்," என்றாள் தடேயா.

சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, எதிரே இருந்த நாற்காலியைத் தன் சக்கரத்தால் மெல்ல இடித்து நகர்த்தினாள்.

"உக்காருங்க அக்கா. இன்னிக்கு நான் ஒண்ணும் சமைக்கல. சும்மா உக்காருங்க."

நீவெஸ் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.